என்பிஏ பரிமாற்றச் செய்தியை எப்படி வாசிப்பது? சம்பள வரம்பின் கணக்கு

2024 அக்டோபர் தொடக்கத்தில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஒரு பெரிய பரிமாற்றம் நடந்தது. மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணியின் நட்சத்திரம் கார்ல்-அந்தோனி டவுன்ஸ் நியூயார்க் நிக்ஸுக்குப் போனார். பதிலுக்கு ஜூலியஸ் ரேண்டிலும் டான்டே டிவின்சென்ஸோவும் மின்னசோட்டாவுக்கு வந்தார்கள். தலைப்புச் செய்தி இவ்வளவுதான். அடியில் இன்னும் மூன்று பெயர்கள் இருந்தன: டக்வான் ஜெஃப்ரிஸ், சார்லி பிரவுன் ஜூனியர், டுவேன் வாஷிங்டன் ஜூனியர். மூவரும் முந்தைய சீசனின் முடிவில் நிக்ஸ் பெஞ்சின் கடைக்கோடியில் இருந்தவர்கள். நிக்ஸ் நிர்வாகம் அவர்களோடு புதிதாக ஒப்பந்தம் போட்டது. போட்ட கையோடு மூவரையும் சார்லட் ஹார்னெட்ஸ் அணிக்கு அனுப்பியது. ஏற்றுக்கொண்டதற்குக் கூலியாகச் சார்லட்டுக்கு இரண்டாம் சுற்று டிராஃப்ட் தேர்வுகள் (ஆண்டுதோறும் புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் ஒரு முறைக்கான உரிமை) கிடைத்தன.

வேண்டாத மூன்று பேருக்கு எதற்குப் புது ஒப்பந்தம்? அந்த சீசனில் டவுன்ஸின் சம்பளம் சுமார் 4.9 கோடி டாலர். நிக்ஸின் மொத்தச் சம்பளப் பட்டியல் இருந்த நிலையில், அவரை வாங்க வேண்டுமானால் அதற்குக் குறையாத சம்பளத்தை வெளியே அனுப்பியாக வேண்டும். ரேண்டிலையும் டிவின்சென்ஸோவையும் கூட்டினால் அது எட்டவில்லை. மீதித் தொகையை நிரப்பவே இந்த மூவரும் தேவைப்பட்டார்கள். ஒப்பந்தம் போட்டு உடனே அனுப்பும் இந்த முறையில் ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு இருக்க வேண்டும். ஆனால் முதல் ஆண்டுச் சம்பளத்துக்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்தால் போதும். ஆகவே பெற்றுக்கொள்ளும் அணிக்கும் பெரிய சுமை இல்லை. மின்னசோட்டாவோ செலவைக் குறைக்கத்தான் பார்த்தது. எனவே மூவருக்கும் மூன்றாவதாக ஓர் அணி தேடப்பட்டது. அந்த மூன்று கையெழுத்துகள் இல்லாவிட்டால் கணக்கு நேராகாது, டவுன்ஸும் நியூயார்க்குக்கு வந்திருக்க மாட்டார்.

புதிதாக என்பிஏ பார்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பரிமாற்றச் செய்தியில் பெயருக்குப் பக்கத்தில் சம்பளத்தை எழுதிப் பாருங்கள். அந்த லீக்கில் ஆட்டக்காரரோடு சேர்ந்து அவருடைய ஒப்பந்தமும் கைமாறுகிறது. பல சமயம் ஒப்பந்தம்தான் முதலில் நகர்கிறது, ஆள் அதன் பின்னால் போகிறார்.

வரம்பு எப்படி வந்தது?

ஒரு காலத்தில் என்பிஏ வீரர் ஒப்பந்தம் முடிந்தாலும் அணியை விட்டுப் போக முடியாது. அவரைத் தக்கவைக்கும் உரிமை அணியிடமே இருந்தது. ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற பெரும் ஆட்டக்காரர் வீரர் சங்கத்தின் தலைவராக இருந்தபோது 1970இல் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1976இல் சமரசம் ஏற்பட்டது. வீரர்கள் அணி மாறும் வழி மெல்லத் திறந்தது. பழைய அணிக்கு எந்த உரிமையும் இல்லாமல், முழுச் சுதந்திரத்தோடு ஒரு வீரர் அணி மாற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் டாம் சேம்பர்ஸ் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போனார்.

இதற்கிடையே 1980களின் தொடக்கத்தில் பல அணிகள் நஷ்டத்தில் தள்ளாடின. சம்பளம் ஏறிக்கொண்டே போனது. 1983இல் உரிமையாளர்களும் வீரர் சங்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அணிகளின் சம்பளச் செலவுக்கு வரம்பு வைக்க வீரர்கள் ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு லீக்கின் வருவாயில் 53 சதவீதம் அவர்களுக்கு என்று உறுதியானது. 1984-85 சீசனில் வரம்பு ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர். 2025-26 சீசனில் அது 15.46 கோடி டாலர்.

அந்தப் பங்குக் கணக்கு இன்றும் அடித்தளமாக இருக்கிறது. இப்போது கூடைப்பந்து சார்ந்த வருவாயில் சுமார் 51 சதவீதம் வீரர்களுக்குப் போகிறது. வரும் ஆண்டின் வருவாயை முன்கூட்டியே மதிப்பிட்டு, வீரர்களின் பங்கிலிருந்து 30 அணிகளுக்குமான வரம்பைக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு வீரரின் சம்பளத்திலும் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கிறார்கள். ஆண்டுக் கடைசியில் எல்லாச் சம்பளங்களும் சேர்ந்து வீரர்களின் பங்கைத் தாண்டிவிட்டால், பிடித்த பணம் உரிமையாளர்களிடம் திரும்பும். எனவே வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து எவ்வளவு என்பது ஏறக்குறைய முடிவான தொகை. சம்பள விதிகளின் உண்மையான வேலை, அந்தத் தொகையை எந்த வீரருக்கு எவ்வளவு, எந்த ஊரில் எவ்வளவு என்று பிரிப்பதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் எளிதாகப் புரியும்.

தாண்டக்கூடிய வரம்பு

நமக்குப் பழக்கமான ஐபிஎல் ஏலத்தில் பை ஒன்றுதான். 2025ஆம் ஆண்டுக்கான பெரிய ஏலத்தில் அணிக்கு 120 கோடி ரூபாய் என்றால் 120 கோடிதான். தக்கவைத்த வீரர்களின் தொகையும் அதற்குள்தான். என்பிஏவின் வரம்பு அப்படிப்பட்டது இல்லை. அதைத் தாண்டலாம், ஆனால் விதி சொல்லும் கதவுகள் வழியாக மட்டுமே தாண்ட வேண்டும். லீக்கில் பெரும்பாலான அணிகள் எப்போதும் வரம்புக்கு மேலேதான் இருக்கின்றன.

அந்தக் கதவுகளில் மிகப் பெரியதற்கு லாரி பேர்டின் பெயர். பாஸ்டன் செல்டிக்ஸின் அந்தப் பெரும் நட்சத்திரத்தை வரம்பின் காரணமாக அணி இழந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தோடு பிணைந்த விதி இது. ஒரு வீரர் மூன்று சீசன்கள், நடுவில் தானாக அணி மாறாமல் ஆடியிருந்தால், வரம்பை எவ்வளவு தாண்டினாலும் அவருடைய அணி அவரோடு புது ஒப்பந்தம் போடலாம். நடுவில் அவரை வேறு அணிக்குப் பரிமாற்றம் செய்திருந்தால் இந்த உரிமையும் அவரோடு சேர்ந்து புது அணிக்குப் போகும். இதைப் பேர்ட் உரிமை என்கிறார்கள். என் பார்வையில் என்பிஏ எழுதிய விதிகளிலேயே நியாயமானது இதுதான். ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுத்து, பொறுமையாக வளர்த்து, நட்சத்திரமாக்கிய ஊர் அவனை வைத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

வரம்பில் காலி இடத்தையும் இந்த உரிமையையும் ஒருசேர அனுபவிக்க முடியாதபடி ஒரு தடையும் உண்டு. ஒப்பந்தம் முடிந்த வீரர் இன்னும் கையெழுத்திடாவிட்டாலும், அவருடைய பழைய சம்பளத்தை வைத்துக் கணக்கிட்ட ஒரு தொகை அணியின் வரம்பில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவர் மீதான உரிமையைக் கைவிட்டால்தான் அந்த இடம் காலியாகும். கெட்டிக்கார நிர்வாகங்கள் இதையும் சாதகமாக்கிக்கொண்டன. 2015 கோடையில் சான் அன்டோனியோவின் கவாய் லெனார்ட் உச்ச சம்பளத்துக்குத் தகுதியானவர். ஆனால் அவர் பெயரில் வரம்பில் பிடித்திருந்த இடம் சுமார் 70 லட்சம் டாலர் மட்டுமே, ஏனென்றால் அவருடைய பழைய சம்பளம் சிறியது. லெனார்ட் கையெழுத்தைத் தள்ளிப்போட்டார். டியாகோ ஸ்ப்ளிட்டரை அட்லான்டாவுக்கு அனுப்பி இடம் உண்டாக்கி, அந்த இடைவெளியில் லாமார்கஸ் ஆல்ட்ரிஜை அணி சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு பேர்ட் உரிமையைக் கொண்டு வரம்பைத் தாண்டி லெனார்டுக்கு முழுச் சம்பளம். கையெழுத்துகளின் வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் இருவரில் ஒருவர்தான் கிடைத்திருப்பார்.

இதே உரிமையை ஏமாற்றிப் பெற முயன்ற கதையும் உண்டு. 1990களின் கடைசியில் மின்னசோட்டா அணி ஜோ ஸ்மித் என்ற வீரரோடு இரகசியமாக ஓர் ஏற்பாடு செய்தது: தகுதிக்கு மிகக் குறைந்த சம்பளத்தில், ஓராண்டு ஒப்பந்தமாக மூன்று முறை கையெழுத்திடு, அதற்குள் பேர்ட் உரிமை முழுமையாகிவிடும், பிறகு பல கோடி டாலரில் பெரிய ஒப்பந்தம் தருகிறோம். 2000இல் விஷயம் வெளியானது. லீக் அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம் விதித்து, ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளைப் பறித்தது. அவற்றில் சில பின்னர் திருப்பித் தரப்பட்டன. வரம்பை மீறும் வாக்குறுதியை எழுதி வைப்பதுகூட எவ்வளவு பெரிய குற்றமாகக் கருதப்படுகிறது என்பதற்கு இன்றும் இதையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

மற்றக் கதவுகள் சிறியவை. வரம்பைத் தாண்டிய அணிகள் வெளி வீரர்களைச் சேர்க்க ஆண்டுக்கு ஒரு நடுத்தரத் தொகை அனுமதிக்கப்படுகிறது. 2025-26இல் செலவைக் கட்டுக்குள் வைத்த அணிகளுக்கு அது 1.41 கோடி டாலர். ஊதாரி அணிகளுக்கு 57 லட்சம் டாலர் அளவில்தான். குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருபவர்களை எந்த அணியும் சேர்த்துக்கொள்ளலாம். கோப்பைக்குப் போட்டியிடும் அணிகளில் மூத்த வீரர்கள் மிகக் குறைந்த சம்பளத்துக்கு ஆடுவதை நீங்கள் பார்த்திருந்தால், அந்த அணிக்கு வேறு கதவு இல்லை என்று பொருள்.

நட்சத்திரத்துக்கும் ஒரு கூரை

அணிக்கு இருப்பது போலவே தனி வீரருக்கும் வரம்பு உண்டு. ஆறு ஆண்டு வரை ஆடியவர் ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் அணி வரம்பின் 25 சதவீதம் வரை பெறலாம். ஏழிலிருந்து ஒன்பது ஆண்டு வரை 30 சதவீதம். பத்தும் அதற்கு மேலும் என்றால் 35 சதவீதம். தன் சொந்த அணியோடு தொடர்ந்தால் ஐந்து ஆண்டு ஒப்பந்தமும் ஆண்டுக்கு 8 சதவீத உயர்வும் கிடைக்கும். வேறு அணிக்குப் போனால் நான்கு ஆண்டும் 5 சதவீதமும்தான். தங்கியிருப்பவருக்கே அதிகம் என்று விதி வெளிப்படையாகச் சாய்கிறது. இந்த ஏற்றங்களின் விளைவாகத்தான் 2025-26இல் ஸ்டீஃபன் கரியின் சம்பளம் 5.96 கோடி டாலரைத் தொட்டிருக்கிறது.

இந்தக் கூரையின் விளைவை யோசித்துப் பாருங்கள். லீக்கின் முதல் ஐந்து வீரர்கள் உண்மையில் அணிக்குக் கொண்டுவரும் வெற்றியும் வருமானமும் அவர்களுடைய சம்பளத்தைவிடப் பல மடங்கு. ஆனால் எல்லா அணிகளும் அதே உச்சத் தொகையைத்தான் தர முடியும். பணத்தால் போட்டி போட முடியாதபோது ஊர், சக வீரர்கள், பயிற்சியாளர், கோப்பை வாய்ப்பு ஆகியவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. 2010இல் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் டுவேன் வேடோடு மயாமியில் ஒன்றுசேர முடிந்தது இதனால்தான். மூவரும் உச்சத் தொகையைவிடச் சற்றுக் குறைத்து வாங்கிக்கொண்டு ஒரே பட்டியலில் இடம் பிடித்தார்கள்.

லீக்கின் மிக உயர்ந்த விருதுகளைப் பெற்றவர்களுக்குப் பத்தாண்டு நிறைவதற்கு முன்பே 35 சதவீதம் தரும் தனி ஒப்பந்தமும் இருக்கிறது. ஆனால் அதை வளர்த்த அணி மட்டுமே தரலாம். 2025 பிப்ரவரியில் டல்லஸ் அணி லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பியபோது, அவர் எதிர்பார்த்திருந்த சுமார் 34.5 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கான தகுதி அந்த இரவிலேயே போய்விட்டது. அவர் அணி மாறக் கேட்கவே இல்லை. பிறகு ஆகஸ்டில் லேக்கர்ஸோடு மூன்று ஆண்டுக்கு 16.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். வீரரின் விருப்பமில்லாமல் நடந்த பரிமாற்றத்துக்கு வீரரே விலை கொடுப்பது எனக்கு இன்றும் ஏற்க முடியாததாக இருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்தவர்கள்

ஒப்பந்தம் முடிந்து எந்த அணியோடும் பேசக்கூடிய நிலையில் இருப்பவரை ஃப்ரீ ஏஜென்ட் என்கிறார்கள். இதில் இரண்டு வகை. முழுச் சுதந்திரம் உள்ளவர் விருப்பப்பட்ட இடத்துக்குப் போகலாம். டிராஃப்டின் முதல் சுற்றில் வந்து நான்கு ஆண்டுகளின் முதல் ஒப்பந்தத்தை முடித்த இளைஞர்களின் நிலை வேறு. அவருக்கு வெளியிலிருந்து ஓர் அணி எழுத்து மூலம் சம்பளம் சொன்னால், பழைய அணி அதே தொகையைத் தந்து அவரை வைத்துக்கொள்ளலாம். 2022இல் இண்டியானா டியாண்ட்ரே எய்ட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 13.3 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. ஃபீனிக்ஸ் அன்றே அதற்கு ஈடு கொடுத்துவிட்டது.

இந்த இளைஞர்களுக்கு உண்மையில் பேரம் பேசும் வலிமை எங்கிருந்து வருகிறது? வெளி அணிகளின் வரம்பில் காலியாக இருக்கும் இடத்திலிருந்து. 2025 கோடையில் புரூக்ளினைத் தவிர வேறு எந்த அணியிடமும் சொல்லும்படி இடம் இல்லை. கோல்டன் ஸ்டேட்டின் ஜானதன் குமிங்கா, சிகாகோவின் ஜாஷ் கிடி, புரூக்ளினின் கேம் தாமஸ், ஃபிலடெல்ஃபியாவின் குவென்டின் கிரைம்ஸ் ஆகிய நால்வரும் கோடை முழுக்க இழுத்தடிக்கப்பட்டார்கள். தாமஸ் கடைசியில் ஓராண்டுக்குச் சுமார் 60 லட்சம் டாலர் என்ற குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு முழுச் சுதந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார். திறமை குறைந்ததால் அந்த நிலை வரவில்லை. அந்த ஆண்டின் சந்தையில் வாங்குபவர் இல்லை.

நேர்மாறான ஆண்டு 2016. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பணம் ஒரே கோடையில் வந்து கொட்டியது. ஏற்றத்தைப் பல ஆண்டுகளுக்குப் படிப்படியாகப் பரப்பலாம் என்று லீக் சொன்னதை வீரர் சங்கம் ஏற்கவில்லை. வரம்பு 7 கோடியிலிருந்து 9.41 கோடி டாலருக்குத் தாவியது. ஏறக்குறைய எல்லா அணிகளிடமும் திடீரென்று இடம். லேக்கர்ஸ் டிமோஃபே மோஸ்காவுக்கு நான்கு ஆண்டுக்கு 6.4 கோடியும் லுவால் டெங்குக்கு 7.2 கோடியும் எழுதிக் கொடுத்து, அந்தச் சுமையை இறக்க ஆண்டுக்கணக்கில் திணறியது.

அதே கோடையில்தான் கெவின் டியூரன்ட் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். முந்தைய சீசனில் 73 ஆட்டங்களை வென்று சாதனை படைத்த அணிக்கு இப்படிப்பட்ட ஒருவரைச் சேர்க்க இடம் எப்படி வந்தது? ஒன்று, வரம்பின் தாவல். இரண்டு, 2012இல் ஸ்டீஃபன் கரி கணுக்கால் காயங்களால் அவதிப்பட்ட நேரத்தில் போட்ட நான்கு ஆண்டு, 4.4 கோடி டாலர் ஒப்பந்தம். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரராகிவிட்ட பிறகும் அவர் அந்தப் பழைய சம்பளத்துக்கே ஆடிக்கொண்டிருந்தார். மூன்றாவதாக, அணி ஆண்ட்ரூ போகட்டை டல்லஸுக்கு அனுப்பியது, ஹாரிசன் பார்ன்ஸை விட்டுக்கொடுத்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அடுத்த இரண்டு கோப்பைகளின் கதை மாறியிருக்கும். இப்போதைய உடன்பாட்டில் வரம்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். 11 ஆண்டுக்குச் சுமார் 7,600 கோடி டாலர் மதிப்புள்ள புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2025-26இல் தொடங்கியபோது, வரம்பு சரியாக அந்த 10 சதவீதம்தான் உயர்ந்தது.

பரிமாற்றத்தின் கணக்கு

வரம்பில் இடம் உள்ள அணி பதிலுக்கு எதுவும் அனுப்பாமலேயே ஒரு வீரரை வாங்கிக்கொள்ளலாம். இடம் இல்லாத அணிகள்தான் அதிகம். அவை வாங்கும் சம்பளத்துக்கு ஈடாக அனுப்ப வேண்டும். செலவு கட்டுக்குள் உள்ள அணிகளுக்குச் சற்றுத் தளர்வு உண்டு. பெரிய சம்பளங்களில் அனுப்பியதைவிட 25 சதவீதம் வரை கூடுதலாகப் பெறலாம். செலவு அதிகமான அணிகளுக்கு அந்தத் தளர்வு கிடையாது. டான்சிச்சுக்கு ஈடாக ஆண்டனி டேவிஸ் டல்லஸுக்குப் போனதைப் பாருங்கள்: இருவருடைய சம்பளமும் ஏறத்தாழ 4.3 கோடி டாலர். ஆட்ட ரீதியாக அது சமமான பேரமா என்று இன்னும் சண்டை ஓயவில்லை; காகிதத்தில் அது நேராக நின்றது.

இந்தக் கணக்கினால் சில விசித்திரமான மதிப்புகள் உருவாகின்றன. சுமாராக ஆடும் வீரர், ஆனால் 2 கோடி டாலர் சம்பளம், ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிகிறது என்றால் அவர் பொக்கிஷம். அவரைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்கலாம். பெறும் அணிக்குக் கோடையில் இடம் காலியாகிவிடும். அதே வீரருக்கு இன்னும் மூன்று ஆண்டு மீதி இருந்தால் அவர் சுமை. அவரை அனுப்ப அணி டிராஃப்ட் தேர்வுகளைக் கூடவே கொடுக்க வேண்டியிருக்கும்.

வருங்கால டிராஃப்ட் தேர்வுகளுக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை என்பதால் எந்தப் பேரத்திலும் அவற்றைச் செருக முடிகிறது. அதற்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் முதல் சுற்றுத் தேர்வுகளை வாரி இறைத்து அணியைச் சீரழித்தார். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்றுத் தேர்வே இல்லாத நிலையை எந்த அணியும் உண்டாக்கக் கூடாது என்ற விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

வரியும் ஏப்ரனும்

வரம்புக்கு மேலே இன்னும் மூன்று கோடுகள் இருக்கின்றன. 2025-26இல் முதலாவது 18.79 கோடி டாலர். அதைத் தாண்டினால் ஆடம்பர வரி. தாண்டத் தாண்ட ஒவ்வொரு டாலருக்கும் வரி விகிதம் ஏறும். பல ஆண்டுகள் தொடர்ந்து தாண்டினால் இன்னும் கடுமை. இந்த வரிப் பணத்தில் ஒரு பங்கு வரி கட்டாத அணிகளுக்குப் போகிறது. பணக்கார உரிமையாளர்கள் சிலர் இதற்கு அஞ்சவில்லை. கோல்டன் ஸ்டேட் 2021-22இல் வரியாக மட்டும் சுமார் 17 கோடி டாலர் கட்டிக் கோப்பையை வென்றது.

பணத்தால் தடுக்க முடியாதவர்களைத் தடுக்க, 2023 உடன்பாட்டில் அணி கட்டும் கருவிகளிலேயே கை வைத்தார்கள். வரிக்கோட்டுக்கு மேலுள்ள மற்ற இரண்டு கோடுகளுக்கு ஏப்ரன் என்று பெயர்: 2025-26இல் 19.59 கோடியில் முதல் ஏப்ரன், 20.78 கோடியில் இரண்டாம் ஏப்ரன். இரண்டாவதைத் தாண்டிய அணி பல வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. அனுப்பியதைவிட ஒரு டாலர் அதிகம் பெற முடியாது. பரிமாற்றத்தில் பணம் சேர்த்துக் கொடுக்க முடியாது. நடுத்தரத் தொகைக் கதவும் மூடப்படும். ஏழு ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள முதல் சுற்றுத் தேர்வும் பரிமாற முடியாதபடி முடங்கும். அடுத்த நான்கு ஆண்டுகளில் இன்னும் இரண்டு முறை தாண்டினால் அந்தத் தேர்வு சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும்.

ஃபீனிக்ஸ் இதில் வசமாகச் சிக்கியது. கெவின் டியூரன்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல் என்று மூன்று உச்ச சம்பளங்கள். 2024-25இல் சுமார் 15 கோடி டாலர் வரி. பிளேஆஃப் எனப்படும் கோப்பைச் சுற்றில் ஆடும் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. பட்டியலை மாற்றவும் கருவி இல்லை. அது தவறாகக் கட்டப்பட்ட அணி, தண்டனை பொருத்தம் என்று சொல்லலாம்.

பாஸ்டனின் கதை அப்படியில்லை, அதனால்தான் அதை விரிவாகச் சொல்கிறேன். ஜேசன் டேட்டம், ஜேலன் பிரவுன் இருவரையும் டிராஃப்டில் எடுத்து வளர்த்தார்கள். டெரிக் வைட், ஜ்ரூ ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் பொர்ஜிங்கிஸ் ஆகியோரை முறையான பரிமாற்றங்களில் பெற்றார்கள். 2024இல் கோப்பை. அதே கோடையில் டேட்டம் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 31.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அது 2025-26இல் தொடங்கும்போது சம்பளமும் வரியும் சேர்ந்து அந்த ஒரு சீசனின் செலவு 50 கோடி டாலரைத் தொடும் என்று கணக்குப் போட்டார்கள். 2025 மே மாதம் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் டேட்டமின் குதிகால் நாண் அறுந்தது. அடுத்த சீசன் கோப்பைக்கான சீசனாக இருக்காது என்பது தெளிவானதும் கணக்கு மின்னல் வேகத்தில் நடந்தது. 3.24 கோடி டாலர் சம்பளமும் மேலும் சில ஆண்டுகள் மீதியும் இருந்த ஹாலிடே போர்ட்லண்டுக்குப் போனார், வந்தவர் 2.77 கோடி சம்பளத்தில் ஒரே ஆண்டு மீதியிருந்த அன்ஃபர்னி சைமன்ஸ். 3.07 கோடி பொர்ஜிங்கிஸ் அட்லான்டாவுக்கு. வந்தவர் 82 லட்சம் ஜார்ஜஸ் நியாங். சில வாரங்களில் நியாங்கும் யூட்டாவுக்கு, அவரை ஏற்றுக்கொள்ள இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும் கூடவே. அல் ஹார்ஃபர்ட் கோல்டன் ஸ்டேட்டுக்கும் லூக் கார்னெட் சான் அன்டோனியோவுக்கும் போய்விட்டார்கள். அணி இரண்டாம் ஏப்ரனுக்குக் கீழே வந்தது. கோப்பையைத் தூக்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

லீக்கின் தரப்பிலும் வலுவான வாதம் இருக்கிறது. 2019 முதல் 2025 வரை ஏழு சீசன்களில் ஏழு வெவ்வேறு அணிகள் கோப்பையை வென்றிருக்கின்றன. டென்வர், மில்வாக்கி, ஒக்லஹோமா சிட்டி போன்ற ஊர்களின் ரசிகர்கள் நம்பிக்கையோடு சீசனைத் தொடங்க முடிகிறது. அது மெய்யான நன்மை. ஆனால் வெளியிலிருந்து நட்சத்திரங்களை வாங்கிக் குவித்த அணியையும் சொந்தமாக வளர்த்த அணியையும் இரண்டாம் ஏப்ரன் ஒரே கோலால் அளக்கிறது. பேர்ட் உரிமை ஒரு கையால் கொடுத்ததை இது மறு கையால் பிடுங்குகிறது. வளர்த்த வீரர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது ஏப்ரன் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் அதிகம் நசுங்குவது நடுத்தர வீரர்கள். நட்சத்திரத்துக்கு உச்சத் தொகை உறுதி, புதியவருக்கு நிர்ணயித்த மலிவுச் சம்பளம் உறுதி. நடுவில் 1.5 கோடி டாலருக்குத் தகுதியான முப்பது வயதுக்காரரிடம்தான் நிர்வாகம் 'இடமில்லை' என்று சொல்கிறது.

சில நட்சத்திரங்கள் அந்த இடத்தைத் தாங்களே உண்டாக்குகிறார்கள். நிக்ஸின் ஜேலன் பிரன்சன் ஓராண்டு காத்திருந்தால் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 26.9 கோடி டாலர் பெற்றிருக்கலாம். 2024 கோடையில் நான்கு ஆண்டுக்கு 15.65 கோடிக்கே கையெழுத்திட்டார். சில மாதங்களில் டவுன்ஸ் வந்து சேர அந்த விட்டுக்கொடுத்தல் பெரிதும் உதவியது.

அடுத்த சோதனை ஒக்லஹோமா சிட்டிக்கு. அந்த ஊருக்கு இது புதிதல்ல. 2012இல் இறுதிப் போட்டி வரை போன அதே அணி, ஆடம்பர வரிக்கு அஞ்சி, ஒப்பந்தப் பேச்சில் சில பத்து லட்சம் டாலர் வித்தியாசத்தில் பிரிந்து, ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டது. டியூரன்ட், ரஸல் வெஸ்ட்புரூக், ஹார்டன் மூவரும் பின்னாளில் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைத் தனித்தனியே வாங்கினார்கள்; ஒன்றாக அவர்களுக்குக் கோப்பை இல்லை. 2025இல் கோப்பையை வென்ற புதிய அணி ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டருக்கு நான்கு ஆண்டுக்கு 28.5 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தது. செட் ஹோம்கிரெனுக்கும் ஜேலன் வில்லியம்ஸுக்கும் தலா 20 கோடிக்கு மேல். இந்த இருவரின் புதிய சம்பளங்கள் 2026-27இல் தொடங்குகின்றன. கில்ஜஸ்-அலெக்ஸாண்டருடையது அதற்கு அடுத்த ஆண்டு. அதுவரை மலிவான முதல் ஒப்பந்தங்களின் மேல் நின்ற பட்டியல், அந்த இரண்டு ஆண்டுகளில் ஏப்ரன் கோடுகளை நோக்கி ஏறும். அவர்களிடம் குவிந்திருக்கும் முதல் சுற்றுத் தேர்வுகள் மலிவுச் சம்பளத்தில் புதிய ஆட்களைக் கொண்டுவரும். அந்த மூவரைச் சுற்றி இன்று முக்கியப் பங்காற்றும் நடுத்தர வீரர்களில் யாருடைய ஒப்பந்தம் முதலில் வெளியே போகிறது என்பதைக் கவனித்துவாருங்கள்.